தினமும் கேட்கிறோம், பேர் தெரியாது: சூலமங்கலம் சகோதரிகள்

த்ரெட் கொஞ்சம் நீளம். ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

செவ்வாய்க்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பை பக்கம் எந்தத் தெருவுல நின்னாலும் சரி, ஏதாவது ஒரு கோயில் குழாய் ஸ்பீக்கர்ல இருந்து ரெண்டு பெண் குரல் வரும். கந்த சஷ்டி கவசம். கூடவே முணுமுணுக்காத ஆளே இருக்க முடியாது. சாமி கும்பிடாதவனுக்கும் பாதி மனப்பாடமா இருக்கும்.

"இது யாரு பாடினது?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தர் எம்.எஸ். சுப்புலட்சுமின்னுவார். இன்னொருத்தர் பி.சுசீலான்னுவார். இந்த மாசம் ஓ.பி. முடிஞ்சு டீக்கடையில நிக்கும்போது நாலஞ்சு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். சரியான பதில் சொன்னது ஒரே ஒரு மைக்செட் அண்ணாச்சி மட்டும்தான். அவர்கிட்ட கேசட் காலத்து அட்டை இன்னும் பத்திரமா இருக்கு.

சூலமங்கலம் ஜெயலட்சுமி, சூலமங்கலம் ராஜலட்சுமி. அக்கா தங்கச்சி. இந்த ரெண்டு பேரைப் பத்திதான் இந்த த்ரெட்.

முதல்ல ஊர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சூலமங்கலம் பாபநாசம் தாலுகாவுல இருக்கு. ஆனா நம்ம பாபநாசம் இல்ல மக்கா, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். அய்யம்பேட்டை பக்கம். பாபநாசம் சிவனும் அந்தப் பாபநாசம்தான். நமக்குக் கிடைச்சது அருவி, அகத்தியர், காரையார் அணை, அப்புறம் 2015ல வந்த கமல் படம். அந்தப் பாபநாசத்துக்குக் கிடைச்சது பாட்டு.

அதுவும் சும்மா பாட்டு இல்ல. சூலமங்கலம் பாகவத மேளா நடந்த ஊர்கள்ல ஒன்னு. மெலட்டூர், ஊத்துக்காடு, சாலியமங்கலம்னு ஒரு வரிசை சொல்வாங்கல்ல, அதுல இதுவும் உண்டு. ராத்திரி முழுக்க பாட்டும் ஆட்டமுமா புராணக் கதை நடக்கும். ஹரிகதையில கொடிகட்டிப் பறந்த சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் அந்த ஊர்க்காரர். அப்படி ஒரு ஊர்ல கர்ணம் ராமசாமி ஐயர், ஜானகி அம்மாள் தம்பதிக்குப் பிறந்த பொண்ணுங்க இவங்க.

இவங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்க மூணு பேர். சூலமங்கலம் கே.ஜி.மூர்த்தி, மாயவரம் வேணுகோபால ஐயர், அப்புறம் பத்தமடை எஸ்.கிருஷ்ணன்.

பத்தமடை! இந்த இடத்துல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருநெல்வேலியில இருந்து பாபநாசம் பஸ் ஏறினா வழியில வருமே, அதே கோரைப்பாய் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவச்சு, பட்டு மாதிரி மெல்லிசா நெய்யற பாய்க்கு 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. ரிஷிகேஷ் சிவானந்தர் 1887ல பிறந்ததும் பத்தமடையிலதான். அவர் சாமியார் ஆகறதுக்கு முன்னாடி மலேயாவுல பத்து வருஷம் டாக்டரா இருந்தவர். எங்க தொழில்ல இருந்து தப்பிச்சுப் போனவங்க பட்டியல் பெருசு, அதை இன்னொரு நாள் பேசுவோம். விஷயம் என்னன்னா, காவிரிக் கரையில பிறந்த குரலுக்கு நம்ம ஆத்தங்கரை வாத்தியார் ஒருத்தரும் பாடம் சொல்லியிருக்கார்.

சரி, ரெண்டு பெண்கள் சேர்ந்து பாடறது அப்ப புதுசா? இவங்கதான் முதல் ஜோடின்னு சில இடத்துல எழுதறாங்க. என்னால ஒத்துக்க முடியல. வீணை தனம்மாள் பேத்திகள் பிருந்தா, முக்தா அதுக்கு முன்னாடியே ஜோடியா பாடி சங்கீதக்காரங்க மத்தியில பெரிய பேர் வாங்கியாச்சு. ஆனா அது சபா சங்கீதம். கேக்கறவனுக்கும் கொஞ்சம் ஞானம் வேணும். சூலமங்கலம் சகோதரிகள் செஞ்சது வேற. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காத ஆள், ராகம் பேர் தெரியாத ஆள், வயலுக்குப் போற ஆள், மில்லு ஷிப்டுக்குப் போற ஆள், இவங்க காதுல நேரா கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. அப்புறம் ராதா ஜெயலட்சுமி (இவங்க கூடப்பிறந்தவங்க இல்ல, உறவுக்காரங்க), பம்பாய் சகோதரிகள், பிரியா சகோதரிகள், ரஞ்சனி காயத்ரின்னு வரிசையா ஜோடிகள் வந்தாங்க.

அமெரிக்காவுல கிட்டத்தட்ட அதே காலத்துல சாம் மூர், டேவ் பிரேட்டர்னு ரெண்டு பேர். "சாம் அண்ட் டேவ்". ரெண்டு பேரும் சின்ன வயசுல சர்ச்சுல பாடி வளர்ந்த கறுப்பின இளைஞர்கள். 1961ல மியாமியில சந்திச்சு சேர்ந்து பாட ஆரம்பிச்சாங்க. மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவுல அந்த சர்ச் பாட்டு முறையை அப்படியே காதல் பாட்டுக்குள்ள இறக்கினாங்க. ஒருத்தன் கூப்பிடுவான், இன்னொருத்தன் பதில் சொல்லுவான். கடவுளைக் கூப்பிட்ட அதே குரல், அதே நடுக்கம், இப்ப காதலியைக் கூப்பிடுது. அதுக்குத்தான் சோல் மியூசிக்னு பேர். 1966, 67ல உலகம் முழுக்க அடிச்சது.

நம்ம ஊர்லயும் கோயில் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவுல ஒரு வாசல் எப்பவும் திறந்தேதான் இருந்திருக்கு. பத்தமடை தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி வர்ற காருகுறிச்சியை எடுத்துக்கோங்க. காருகுறிச்சி அருணாசலம் 1962ல ‘கொஞ்சும் சலங்கை’ படத்துல எஸ்.ஜானகி குரலோட நாதஸ்வரத்தைப் போட்டிக்கு விட்டாரே, அதுவும் முருகன் பாட்டுதான், ஆபேரி ராகம். கோயில் வாசல்ல நின்ன நாதஸ்வரத்தை டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உக்காந்து கேட்டாங்க நம்ம தாத்தா பாட்டி. ரெண்டே வருஷத்துல, 1964ல அவர் போயிட்டார். கவசமும் அதே ஆபேரியிலதான் ஆரம்பிக்குது. ராகமாலிகையா அப்படியே மாறி மாறிப் போய் மத்யமாவதியில முடியும். சங்கீதம் தெரிஞ்சவங்க மத்யமாவதியை மங்களமா முடிக்கிற ராகம்னு சொல்வாங்க. நமக்குத் தெரியாது, ஆனா கடைசிப் பகுதி வந்ததும் அடுப்பைப் பத்தவைக்கணும்னு தெரியும்!

ரேடியோ கதையையும் இங்கேயே சொல்லிடறேன். 1952ல பி.வி.கேஸ்கர் மத்திய மந்திரியா வந்து, அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திட்டார். சினிமாப் பாட்டு வேணும்னா இலங்கை வானொலி. நம்ம தெக்கத்திப் பக்கம் அது உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி தெளிவா கேக்கும். 1957ல விவித்பாரதி வந்த பிறகுதான் நிலைமை மாறுச்சு. இந்த இடைவெளியில, சினிமாவும் இல்லாம கச்சேரியும் இல்லாம, மூணு நிமிஷத்துல முடியற பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டுன்னு ஒரு புது வகை வளர்ந்தது. சூலமங்கலம் சகோதரிகள் கால் ஊன்றினது அந்த நிலத்துலதான்.

ஏன் மூணு நிமிஷம்? 78 வேக இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். கவசம் 200 அடிக்கு மேல, அவங்க பாடினது ஏறக்குறைய இருபது நிமிஷம். பழைய தட்டுல போட்டா மூணு, நாலு தட்டை மாத்தி மாத்தி வைக்கணும். முதுகுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒருத்தர் எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைக்கணும்! எல்.பி. தட்டு வந்த பிறகுதான் ஒரு முழு கவசத்தை மூச்சு விடாம கேக்க முடிஞ்சது. ஒரு பக்கத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி நீளம். பாட்டு 19ஆம் நூற்றாண்டுல தேவராய சுவாமிகள் எழுதினது. நூறு வருஷத்துக்கும் மேல புத்தகத்துலயும் பாராயணத்துலயும் இருந்தது, தெருவுக்கு வந்தது தட்டு வழியா.

தேவராயர் பத்தி ஒரு கதை உண்டு. தீராத வயித்து வலி. தாங்க முடியாம திருச்செந்தூர் கடல்ல விழுந்துடலாம்னு போனாராம். அன்னைக்கு சஷ்டி திருவிழா. மனசு மாறி விரதம் இருந்து இதை எழுதினாராம். கதை எவ்வளவு நிஜம்னு நான் பேசப் போறதில்ல. ஆனா எழுதினவருக்கு உடம்பு வலின்னா என்னன்னு தெரிஞ்சிருக்குன்றது மட்டும் நிச்சயம்.

டாக்டரா அந்தப் பாட்டைக் கேட்டா வேற மாதிரி இருக்கும். முகம், நெத்தி, கண்ணு, காது, மூக்கு, வாய், 32 பல்லு, நாக்கு, கன்னம், கழுத்து, மார்பு, தோள், முதுகு, விலா, வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால், கால் விரல். எங்களுக்கு மூணாவது வருஷத்துல நோயாளியைத் தலையில இருந்து கால் வரைக்கும் வரிசையா பரிசோதிக்கச் சொல்லிக்கொடுப்பாங்க. வரிசை ஏறக்குறைய இதேதான். விலா எலும்பு மட்டும் கவசத்துல 16. அனாட்டமியில 12 ஜோடி, 24. தேவராயரை இதுக்காக ஃபெயில் ஆக்க மாட்டேன்.

இன்னொன்னு. பிறப்புறுப்பு, பிட்டம், ஆசனவாய், எல்லாத்தையும் பேர் சொல்லிக் காக்கச் சொல்லுது அந்தப் பாட்டு. ரெண்டு பெண்கள், ஆசாரமான கிராமத்துல இருந்து வந்தவங்க, கூச்சமே இல்லாம, ஸ்ருதி பிசகாம பாடியிருக்காங்க. ஊர் முழுக்க ஸ்பீக்கர்ல கேக்குது, யாரும் முகம் சுளிக்கறதில்ல. அதே ஊர்க்காரர் மூலத்துக்கு ஓ.பி.க்கு வந்தா, "சார், அது வந்து, பின்னாடி கொஞ்சம்"னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் இழுப்பார். மார்புல கட்டின்னு சொல்ல ஆறு மாசம் தயங்கின அக்காக்களை நான் பார்த்திருக்கேன். ஆறு மாசம் கேன்சருக்கு ரொம்ப நீளமான அவகாசம். தினமும் காலையில கேக்கற பாட்டுல இருக்கற உறுப்புதான், டாக்டர்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம்?

நோய்ப் பட்டியலும் உண்டு. வலிப்பு, குன்மம், சூலை, சிரங்கு, சயம் (அதாவது டி.பி.), பக்கப்பிளவை. சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு முதுகுல, பக்கத்துல வர்ற பெரிய சீழ்க்கட்டி இருக்குல்ல, பிளவைன்னு சொல்றது அதைத்தான். அப்புறம் புலி, கரடி, நாய், தேள், பாம்பு, செய்யான், பூரான். சென்னையில உக்காந்து கேக்கறவருக்கு இது புராணம். 1988ல புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை மலையடிவாரத்துல இருக்கற நமக்கு இது டூட்டி ரிஜிஸ்டர். கரடி கடிச்சு முகம் கிழிஞ்சு வர்றதும், வயல்ல பாம்பு கடிச்சு வர்றதும் இங்க கதை இல்ல. (பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. கவசத்தை ஆம்புலன்ஸ்ல சொல்லிக்கலாம்.)

இப்ப குரல். அக்கா தங்கச்சி பாடினா ஏன் ஒட்டுது? இதுல மாயம் கிடையாது, உடற்கூறு இருக்கு. குரல் நாண் அதிர்றதுல வர்றது வெறும் மூலச் சத்தம். அதுக்கு மேல தொண்டை, வாய், மூக்கு அறைகள்தான் குரலுக்கு நிறம் கொடுக்குது. கூடப்பிறந்தவங்களுக்கு இந்த அறைகளோட அமைப்பு பல சமயம் ஒத்துப் போகும். அதோட ஒரே வீட்டுப் பேச்சு, ‘அ’வையும் ‘ஏ’யையும் ஒரே மாதிரி திறக்கற வாய், ஒரே வாத்தியார். ரெண்டு குரல் சேர்ந்து ஒரே அகலமான குரல் மாதிரி கேக்கும். இன்னொரு லாபம் மூச்சு. ஒரு பெண் ஒரே மூச்சுல சத்தத்தை நிறுத்தாம பிடிக்க முடியறது சுமாரா 15லிருந்து 25 விநாடி. ரெண்டு பேர்னா ஒருத்தர் மூச்செடுக்கும்போது இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கலாம். இருபது நிமிஷப் பாராயணம் இழையறாம ஓடறதுக்கு ஜோடி ரொம்ப வசதி.

சில வருஷத்துக்கு முன்னாடி வார்டுல ஒரு ஆச்சி. பக்கவாதம், வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு போயிடுச்சு. சொல்றது புரியுது, ஆனா வார்த்தை வரல. பேர் கேட்டா உதடு துடிக்கும், கண்ணுல தண்ணி வரும், அவ்வளவுதான். அஞ்சாவது நாள் காலையில பக்கத்து பெட்காரங்க போன்ல கவசம் ஓடுது. ஆச்சி கூடவே பாடறா. வார்த்தை வார்த்தையா, கொஞ்சம் குழறலா, ஆனா பாடறா. மகள் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "முருகன் பேச வச்சுட்டான் சார்"னு அழறாங்க.

நான் அவங்ககிட்ட மெதுவா சொன்னேன். பேச்சை உருவாக்கற இடம் மூளையோட இடது பக்கம். பாட்டு, மெட்டு, சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி ஊறிப்போன ஜெபம், இதெல்லாம் வலது பக்கத்தையும் ஆழமான வேற பாதைகளையும் சார்ந்து நிக்கும். அதனால பேச்சு போனவங்களுக்கும் பாட்டு மிச்சமிருக்கலாம். 1973லேயே அமெரிக்காவுல இதை வச்சு ஒரு சிகிச்சை முறை எழுதினாங்க. சின்னச் சின்ன வாக்கியத்தை மெட்டுல சொல்லவச்சு, கையைத் தட்டிக்கிட்டே, மெதுவா மெட்டைக் கழட்டிப் பேச்சுக்குக் கொண்டு வர்றது. கவசம் பாடினதால ஆச்சி குணமாயிட்டான்னு அர்த்தம் இல்ல. "கை வலிக்குது"ன்னு சொல்ல அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஆச்சு. அதுவும் மெட்டோடதான் வந்துச்சு. பயிற்சிக்காக நாங்க தேடின பதிவு அந்தச் சகோதரிகளோடதுதான், ஏன்னா வேற யார் பாடினதைப் போட்டாலும் ஆச்சி வாயைத் திறக்கல. ஐம்பது வருஷமா கேட்ட குரல் அது.

சரி, கதைக்கு வர்றேன். கவசம் மட்டும்தான் இவங்கன்னு நினைச்சா பாதிக் கதை போயிடும்.

திருப்பரங்குன்றத்து முருகன் சிரிக்கிறதைப் பத்தி ஒரு பாட்டு உண்டு, எல்லாருக்கும் தெரியும். பூவை செங்குட்டுவன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டுப் போட்டது. முதல்ல சினிமாவுக்கு வெளியில, பக்திப் பாட்டா சகோதரிகள் பாடினது. ஏ.பி.நாகராஜன் கேட்டுட்டு, 1967ல ‘கந்தன் கருணை’ படத்துக்குள்ள எடுத்துக்கிட்டார். படத்துல ராஜலட்சுமியும் பி.சுசீலாவும் பாடினாங்க. அந்தப் படத்துக்குத்தான் கே.வி.மகாதேவனுக்கு சிறந்த இசையமைப்பாளர் தேசிய விருது கிடைச்சது, அந்தப் பிரிவுல கொடுக்கப்பட்ட முதல் விருது அது. சினிமாவுல இருந்து கோயிலுக்குப் போற மெட்டுதான் அதிகம். இது எதிர்த் திசையில போனது.

1972ல ‘தெய்வம்’. சாண்டோ சின்னப்பா தேவர் படம், குன்னக்குடி இசை. பின்னணிப் பாடகர்களைத் திரையிலேயே கொண்டுவந்து நிறுத்தினார் தேவர். மதுரை சோமு மருதமலைக்கு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள், திருச்செந்தூருக்கு டி.எம்.எஸ்.சும் சீர்காழியும், பழனிக்கு இவங்க ரெண்டு பேர். யூடியூப்ல இருக்கு, பாருங்க. நடிப்புன்னு ஒன்னும் கிடையாது. பட்டுப்புடவை கட்டி, மேடையில எப்படி நிப்பாங்களோ அப்படியே நின்னு பாடறாங்க.

எனக்கு இதையெல்லாம் விட ஆச்சரியம் 1970. ‘தரிசனம்’னு ஒரு படம். இசை சூலமங்கலம். ஆமா, இசையமைப்பு. டி.எம்.எஸ்.சும் எல்.ஆர்.ஈஸ்வரியும் பாடின ஒரு மாலை நேர டூயட். பெண் ஆசையோட கூப்பிடறா, ஆண் உடம்பு நிலையில்லாததுன்னு தத்துவம் பேசறான். கண்ணதாசன் பாட்டு. சாயங்காலம் விவித்பாரதியில இன்னைக்கும் வரும். கவசத்துல உடம்பைக் காக்கச் சொன்னவங்களே இந்த மெட்டையும் போட்டாங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஈஸ்வரி குரலை எங்க குழைய விடணும், எங்க டி.எம்.எஸ். நிமிர்ந்து பதில் சொல்லணும்னு அவ்வளவு துல்லியமா தெரிஞ்சிருக்கு. கூப்பிடற குரல், மறுக்கற குரல். சாம் அண்ட் டேவ் பாணியோட தமிழ்ச் சொந்தம் எங்கன்னு கேட்டா நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

அப்புறம் ‘டைகர் தாத்தாச்சாரி’. அவ்வளவுதான், விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு பெண் தமிழ் சினிமாவுக்கு இசையமைக்கிறது அன்னைக்கு எவ்வளவு அபூர்வம்னா, இன்னைக்கும் அபூர்வம். பானுமதி மாதிரி சொந்தப் பட நிறுவனம் இருந்தவங்க செஞ்சாங்க. இப்படி ஒரு டூயட் குடுத்தவங்களுக்கு வரிசையா படம் வந்திருக்கணும். வரல. பக்திப் பாட்டுக்காரங்கன்னு சினிமா ஒதுக்கிச்சு, லைட் மியூசிக்காரங்கன்னு சபா ஒதுக்கிச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். கர்நாடக சங்கீத வரலாறு எழுதினவங்க எத்தனை பேர் இவங்களுக்கு ஒரு முழுப் பக்கம் குடுத்திருக்காங்கன்னு புரட்டிப் பாருங்க.

ராஜலட்சுமி 1992 மார்ச்சுல காலமானாங்க. தங்கை முதல்ல போனாங்க. அக்கா ஜெயலட்சுமி 2017 ஜூன் வரைக்கும், இன்னும் 25 வருஷம் இருந்தாங்க. அந்த 25 வருஷமும் ஒவ்வொரு நாள் காலையிலயும் தங்கச்சி குரல் தெருவுல ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கும். அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது. சாம் அண்ட் டேவ் கதை வேற. மேடையில உயிரும் உடலுமா தெரிஞ்சவங்க, மேடைக்கு வெளியில வருஷக்கணக்கா பேசிக்கல. 1981 கடைசி நாள் கச்சேரியோட பிரிஞ்சாங்க. டேவ் 1988ல கார் விபத்துல போயிட்டார். சாம் 2025 ஜனவரி வரைக்கும் இருந்தார்.

சாம் மூர் கடைசி வரைக்கும் போராடின விஷயம் ஒன்னு உண்டு. அமெரிக்க ரேடியோவுல பாட்டு ஓடினா எழுதினவருக்குக் காசு, பாடினவருக்குக் கிடையாது. அதை மாத்தச் சொல்லி அந்நாட்டு நாடாளுமன்றம் வரைக்கும் போய்ப் பேசினார்.

நம்ம சட்டம்? 1957 காப்புரிமைச் சட்டத்துல, எழுதினவருக்கு உரிமை, மெட்டுப் போட்டவருக்கு உரிமை, தட்டு வெளியிட்ட கம்பெனிக்கு உரிமை. பாடினவருக்குன்னு தனியா ஒன்னும் இல்ல. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான். 1994 திருத்தத்துலதான் நிகழ்த்துக் கலைஞர் உரிமைன்னு ஒரு வார்த்தையே உள்ள வருது. 1995 மே மாசம் அமலுக்கு வந்தது. ராஜலட்சுமி போய் மூணு வருஷம் ஆச்சு அப்ப. அந்த உரிமைக்கு முதல்ல 25 வருஷம், 1999ல 50 ஆக்கினாங்க. ராயல்டி பத்தித் தெளிவா எழுதினது 2012 திருத்தம். பாடகர்கள் சேர்ந்து ராயல்டி வசூலிக்கற சங்கம் அமைச்சது 2013. கவசப் பதிவு அதுக்குள்ள பேரப்பிள்ளை எடுத்திருந்தது.

இதுல ஒரு வேடிக்கை. 1992ல, அதே வருஷம், தாகூர் எழுத்துக்களோட காப்புரிமை முடியப் போகுதுன்னு அவசரமா ஒரு திருத்தம் கொண்டுவந்து 50 வருஷத்தை 60 ஆக்கினாங்க. அதுல இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் பத்து வருஷம் சேர்ந்து கிடைச்சது. பாடினவங்களுக்கு அந்தத் திருத்தத்துலயும் இடம் இல்ல.

கோயில்ல போடறதுக்கு காசு கேக்கணும்னு நான் சொல்லல. மத நிகழ்ச்சிக்கு சட்டத்துலயே 52வது பிரிவுல விலக்கு இருக்கு, அது நியாயம்தான். மைக்செட் அண்ணாச்சி யாருக்கும் கடன்காரர் இல்ல. ஆனா கேசட்டு, சி.டி., காலர் டியூன், ஆப்பு, யூடியூப் விளம்பரம்னு நாலு தலைமுறைக் கருவியில வியாபாரமா ஓடின ஒரு பதிவுல, பாடின ரெண்டு பேர் பேரைக்கூடப் போடாம எத்தனை வீடியோ இருக்குன்னு தேடிப் பாருங்க. முருகன் படம் பெருசா இருக்கும். சேனல் பேர் அதைவிடப் பெருசா இருக்கும். பேர் போடறதுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேணாம்.

தைப்பூசத்துக்கு நம்ம பக்கத்துல இருந்து பச்சை வேட்டி கட்டி திருச்செந்தூருக்கு நடக்கற கூட்டத்துல, முன்னாடி போற வண்டியில இந்தக் குரல்தான் ஓடும். தாமிரபரணி கடலுக்குப் போற திசையிலயே நடப்பாங்க. கால் கொப்புளத்தோட வர்றவங்களுக்குக் கட்டுப் போடும்போது ஒரு தம்பிகிட்ட கேட்டேன், "யாரு பாடினது தெரியுமா?" "முருகன் பாட்டு சார்"ங்கறான். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதடான்னு மட்டும் சொல்லி அனுப்பினேன், வரிசை நீளமா இருந்தது.

‘தரிசனம்’ டூயட்டை இன்னைக்கு ராத்திரி ஹெட்போன்ல கேட்டுட்டு வந்து ரிப்ளையில சொல்லுங்க. உங்க வீட்டுல பழைய சூலமங்கலம் தட்டோ கேசட் அட்டையோ இருந்தா போட்டோ எடுத்துப் போடுங்க. குறிப்பா பின்பக்கம். வாத்தியக்காரங்க பேர் அங்கதான் பொடி எழுத்துல இருக்கும்.

அடுத்த த்ரெட் காருகுறிச்சி அருணாசலம். நைட் டூட்டிக்கு நேரமாச்சு, வர்றேன்.